அதே ஆள்தான்

மெர்யாவின் பேச்சில் ஆளே இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவள் அன்னெலி. தீக்குச்சிகளை வைத்துக் கண்டுபிடித்தாள்.

தன் சமையலறை மேசையில் ஒரு தீப்பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, "நீ பேசு. ஒவ்வொரு தடவை 'நான்'னு சொல்றப்பவும் ஒரு குச்சிய அந்தப் பக்கம் தள்றேன்" என்றாள். மெர்யா ஒன்றரை நிமிடம் பேசினாள். முடித்தபோது குச்சிகள் கொட்டிய இடத்திலேயே கிடந்தன.

"ஒண்ணுகூட நகரலடி" என்றாள் அன்னெலி.

"அதெப்படி? பேரு சொன்னேனே."

"சொன்ன. 'பேரு மெர்யா'ன்னு. ஊறுகா பாட்டில்ல சீட்டு ஒட்டின மாதிரி. அப்புறம் என்ன சொன்ன? பம்ப் மாத்தியாச்சு, வடிகட்டி கழுவியாச்சு, ரிப்போர்ட் அனுப்பியாச்சு. யாருடி மாத்தினது? யாரு கழுவினது? பேயா?"

"எல்லாரும் அப்படித்தானே சொல்றோம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றோம். அதனாலதான் எனக்கு எட்டு இண்டர்வியூ ஆச்சு."

இருவரும் கொஸ்கிலம்பி காகித ஆலையில் வேலை பார்த்தவர்கள். அன்னெலி சோதனைக் கூடத்தில். மெர்யா தண்ணீர் நிலையத்தில், இருபத்தாறு ஆண்டுகள். ஆலையை மூடி ஏழு மாதம் ஆகிறது. அன்னெலிக்கு ஒன்பதாவது இண்டர்வியூவில் பள்ளிக்கூடச் சமையலறையில் இடம் கிடைத்தது. மெர்யாவுக்கு இதுதான் முதல் அழைப்பு. ஊராட்சித் தண்ணீர் நிலையத்தில் இஸ்மோ என்பவர் ஓய்வு பெறுகிறார். அவர் இடத்துக்கு ஒரே ஓர் ஆள் வேண்டும். மெர்யாவுக்குத் தெரிந்த தொழிலுக்கு அந்த ஊரில் இருக்கும் ஒரே வேலை அது. அடுத்தது முந்நூறு கிலோமீட்டர் வடக்கே இருந்தது. மெர்யாவின் கணவன் தீமோ இந்த ஊரில் பஸ் ஓட்டுகிறான். ஆலை மூடிய பிறகு வீட்டை வாங்க ஆள் கிடையாது. அவர்கள் தெருவிலேயே நான்கு வீடுகளில் 'விற்பனைக்கு' என்ற பலகை பனியில் நனைந்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ஆகவே இது கிடைக்காவிட்டால், ஞாயிறு சாயங்காலம் கிளம்பி வெள்ளிக்கிழமை திரும்பும் வாழ்க்கை. ஐம்பத்து நான்கு வயதில் வாடகை அறையில் தனியாக உருளைக்கிழங்கு வேகவைப்பதை மெர்யா நினைத்துப் பார்த்திருந்தாள். அது பிடிக்கவில்லை.

வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்திய இரண்டு நாள் வகுப்புக்கு இருவரும் போயிருந்தார்கள். அங்கே ஓர் இளைஞர் 'லிஃப்ட் பேச்சு' என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார். முன்பின் தெரியாத ஒருவரோடு லிஃப்டில் ஏறுகிறீர்கள். மேல்மாடி வருவதற்குள் நீங்கள் யார், என்ன செய்வீர்கள், எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று சொல்லி முடிக்க வேண்டும். "லிஃப்ட்ல தெரியாத ஆளு பேச ஆரம்பிச்சா நான் அடுத்த மாடியிலயே இறங்கிடுவேன்" என்றாள் மெர்யா. வகுப்பே தலையாட்டியது. அந்த ஊரில் மூன்று மாடிக்கு மேல் கட்டடமும் இல்லை.

ஆனால் அந்தப் பேச்சின் வரிசையில் ஒரு நியாயம் இருந்தது. மெர்யாவுக்கு எதுவுமே இயங்கும் விதம் புரிந்தால்தான் மனதில் நிற்கும். அதனால் அதை வீட்டில் உட்கார்ந்து யோசித்தாள். கேட்பவர் காலி தொட்டி மாதிரி. அதில் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினால் கலங்கும். முதலில் இப்போது நீ யார் என்பது: அது தொட்டியின் தரை. அதன்மேல் இதுவரை என்ன செய்தாய் என்பது. கடைசியில் ஏன் இங்கே என்பது: அது வெளியே போகும் குழாய், அது இல்லாவிட்டால் உள்ளே வந்தது அத்தனையும் தேங்கி நிற்கும். இந்த மூன்றையும் அவள் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். அது சரியாகவே இருந்தது. ஆள் மட்டும்தான் இல்லை.

அதற்கும் காரணம் உண்டு. ஆலையில் ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். அடுத்து வருகிறவனுக்குத் தெரிய வேண்டியது பம்பின் நிலைமை; பம்பைத் தொட்டவனின் பெயர் அல்ல. அதனால் எல்லோரும் ஒரே மாதிரி எழுதினார்கள்: இரண்டாம் வடிகட்டி கழுவியாச்சு, வால்வு மாற்றியாச்சு, எண்ணெய் விட்டாச்சு. இருபத்தாறு ஆண்டுகள் அப்படி எழுதிய கைக்கு, வாயும் பழகிப்போனது. வீட்டிலும் அதேதான். "குப்பை வெளிய வச்சாச்சு" என்பாள். தீமோவும் "கார் டயர் மாத்தியாச்சு" என்பான். வீட்டில் இரண்டே பேர் இருக்கும்போது யார் என்று கேட்க வேண்டிய தேவை வருவதில்லை.

"சும்மா சொல்லிப் பாரு. நான் மாத்தினேன், நான் கழுவினேன்" என்று அன்னெலி விடாமல் வற்புறுத்தினாள்.

மெர்யா வாயைத் திறந்தாள். மூடினாள். "பெருமையடிக்கிற ஸ்வீடன்காரன் பேசற மாதிரி இருக்கு" என்றாள்.

"அவனுக்கு வேலை கிடைக்குதில்ல?"

"அதோட, தனியா யாரும் எதையும் பண்ணலயே. ஷிப்ட்ல மூணு பேரு இருந்தோம். நான் நான்னு சொன்னா மத்த ரெண்டு பேரும் எங்க போவாங்க?"

அன்னெலி தீப்பெட்டியை எடுத்தாள். குச்சிகளைப் பெட்டிக்குள் அடுக்கினாள். "போ, போயி நல்லாப் பண்ணு. பெரிய கதைய மட்டும் விட்டுடாத" என்றாள்.

பெரிய கதை என்றால் சுப்போ என்ற ஆற்றுப் பனி வந்த கதை.

இண்டர்வியூ ஒரு வியாழக்கிழமை, பத்தரை மணிக்கு. மெர்யா சைக்கிளில் போனாள். தண்ணீர் நிலையம் ஆற்றங்கரையில், ஆலைக்கு இரண்டு கிலோமீட்டர் மேலே. சைக்கிளைப் பூட்டிவிட்டு நிமிர்ந்தபோது கதவைத் திறந்துகொண்டு கலேவி வெளியே வந்தான். ஆலையில் அவளுடைய ஷிப்ட் தலைவன். பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே ஷிப்ட். நல்ல சட்டை போட்டிருந்தான்; காலரில் கடைச் சீட்டின் நூல் இன்னும் தொங்கியது.

"ஓ, நீயுமா?" என்றான்.

"நானும்தான். நூலு தொங்குது."

அவன் காலரைத் தடவி நூலைப் பிய்த்தான். "முன்னாடியே சொல்லக் கூடாதா? உள்ள ஒரு மணி நேரம் இதோடயே உட்கார்ந்திருக்கேன்."

"எப்படி இருந்துச்சு?"

"காபி பரவாயில்ல. பன்னு நேத்தையது. பல்லு பத்திரம்." சைக்கிள் நிறுத்தும் இடம்வரை போனவன் திரும்பினான். "அப்புறம், சுப்போ கதைய நான் சொல்லிட்டேன். நீ வேற எதாச்சும் யோசிச்சுக்கோ."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது என்று நிறுத்தத்தில் நிற்பவரிடம் சொல்வதுபோல் தகவலாகத்தான் சொன்னான். மெர்யா கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு நிமிடம் நின்றாள். அவளிடம் இருந்த ஒரே பெரிய கதை அது. மற்றதெல்லாம் எண்ணெய் விட்ட கதைகள்.

உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். நிலையத்தின் தலைவி ஹெலிக்கு நாற்பது வயது இருக்கும். முன்னால் நோட்டுப் புத்தகம், கையில் பேனா. பக்கத்தில் இஸ்மோ. ஓய்வு பெறப் போகிறவர், அகன்ற தோள், பேசுவதற்குப் பதிலாகக் காபி குடிக்கிற ஆள். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் தெளியும் தொட்டி தெரிந்தது. மெர்யா உட்காருவதற்கு முன்பே அதை ஒரு பார்வை பார்த்தாள். மேற்பரப்பு சலனமில்லாமல் இருந்தது. ஓரத்து வாய்க்கால்களில் தண்ணீர் ஒரே சீராக வழிந்தது. நன்றாகப் பராமரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

காபி ஊற்றினார்கள். ஏலக்காய் பன்னை இஸ்மோ அவள் பக்கம் தள்ளினார். கலேவி சொன்னது உண்மை.

"உங்களப் பத்திச் சொல்லுங்க" என்றாள் ஹெலி.

"நான் மெர்யா" என்று தொடங்கினாள். ஒரு குச்சி நகர்ந்தது என்று நினைத்தாள். "தண்ணி சுத்தம் பண்ற வேலை. மில்லுல இருபத்தாறு வருஷம். ஆத்துலேர்ந்து எடுக்கறது, தெளிய வைக்கறது, வடிகட்டறது, எல்லாம் பார்த்தாச்சு. ரெண்டாயிரத்துப் பதினாலுல பழைய வடிகட்டி மணலெல்லாம் அள்ளிட்டுப் புது மணல் போட்டாச்சு. அதுக்கப்புறம் கழுவற தண்ணில மூணுல ஒரு பங்கு மிச்சமாச்சு. இங்க எதுக்குன்னா, இதே ஆறு. இதே தண்ணி. குணம் தெரியும்."

அவ்வளவுதான். ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. வரிசை சரி. தரை, நீர், குழாய், எல்லாம் இருந்தது. ஹெலி நோட்டில் இரண்டு வரி எழுதிவிட்டுப் பேனாவால் தாளைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த மணல் மாத்தற யோசனை யாரோடது?"

"ஷிப்டுல பேசி முடிவாச்சு."

"ம்." மீண்டும் தட்டினாள். "சரி. எதிர்பாக்காம ஒரு பிரச்சனை வந்து, அதச் சமாளிச்ச அனுபவம் ஒண்ணு சொல்லுங்க."

மெர்யா காபியைக் கலக்கினாள். மருந்து கலக்கும் பம்ப் ஒருமுறை நின்றுபோன கதை இருந்தது. ஃப்யூஸ் போட்டதும் ஓடிய கதை. அதைச் சொல்லலாம். ஆனால் இந்த நிலையத்துக் குழாயும் அதே ஆற்றில்தான் வாயை வைத்திருக்கிறது. ஒவ்வொரு நவம்பரிலும் இவர்கள் பயப்படுகிற விஷயம் எதுவென்று அவளுக்குத் தெரியும். கேட்கிறவர்களுக்கு உபயோகமில்லாத கதையைச் சொல்ல அவளால் முடியாது.

"சுப்போ வந்துச்சு. ஆறு வருஷம் முன்னாடி, நவம்பர்ல" என்றாள்.

இஸ்மோ கோப்பையைக் கீழே வைத்தார். "இன்னைக்கு இத ஒரு தடவை கேட்டாச்சு" என்றார்.

"இஸ்மோ!" என்றாள் ஹெலி.

"என்ன? கேட்டோம்ல?"

"பரவால்ல" என்றாள் மெர்யா. "வாசல்ல நான் கலேவியப் பார்த்தேன். சொல்லிட்டதா சொன்னான். ஆனா நடந்தது அதுதான்."

சுப்போ ஒரு விசித்திரமான பனி. ஆறு மேலே உறைந்து மூடிவிட்டால் அது வராது; மூடிய ஐஸ் ஆற்றுக்குப் போர்வை. மூடுவதற்கு முன்னால், கடும் குளிரும் காற்றும் ஒன்றாக அடிக்கும் நாளில்தான் ஆபத்து. ஓடுகிற தண்ணீருக்கு உறைய நேரமில்லை. பூஜ்யத்துக்கும் ஒரு மயிரிழை கீழே போய்விடுகிறது. அப்போது தண்ணீருக்குள்ளேயே பொடிப் பொடியாக ஐஸ் பிறக்கும். அந்தப் பொடி எதைத் தொட்டாலும் ஒட்டிக்கொள்ளும். இரும்பு என்றால் விடவே விடாது. ஆற்றுத் தண்ணீர் குழாய் வழியே வந்து சேரும் கிணற்றில் ஓர் உள் சல்லடை; ஆற்றுக்குள் இருக்கும் குழாயின் வாயில் இரும்பாலான வெளிச் சல்லடை. அரைமணி நேரத்தில் அந்த வெளிச் சல்லடை வெள்ளைச் சுவர் ஆகிவிடும். பம்ப் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும். உறிஞ்சத்தான் ஒன்றும் இருக்காது.

மெர்யா இதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எதிரே இருப்பவர்களுக்குத் தெரியும். அவள் நடந்ததை மட்டும் சொன்னாள். "காலைல ஏழு மணி. கிணத்துல மட்டம் இறங்க ஆரம்பிச்சுது. பம்பை மூணுல ஒண்ணாக் குறைச்சாச்சு. பேப்பர் மெஷினை மெதுவா ஓட்டச் சொல்லியாச்சு. உள் சல்லடை சுத்தம் பண்ணியாச்சு. வெளிச் சல்லடைக்கு மெஷினைக் குளிர்விச்சதுல சூடான வெந்நீரக் கொஞ்சமா விட்டாச்சு. ஒம்பதரைக்கு மட்டம் பழையபடி ஆச்சு. மில்லு நிக்கல."

ஹெலி நோட்டைப் பின்னால் புரட்டி ஒரு பக்கத்தைப் பார்த்தாள். மீண்டும் இந்தப் பக்கத்துக்கு வந்தாள். அவள் முகத்தில் தெரிந்தது எரிச்சல்தான், ஆனால் மெர்யா மேல் அல்ல. இரண்டு பேர் வந்தார்கள். ஒரே கதை, ஒரே வரிசை, வார்த்தைகூட ஒன்றுதான். இரண்டிலுமே யாரும் இல்லை. பம்ப் தானே குறைந்திருக்கிறது. சல்லடை தானே சுத்தமாகியிருக்கிறது.

மெர்யாவுக்கும் அது தெரிந்தது. அன்னெலியின் சமையலறை மேசையும் நகராத குச்சிகளும் கண்முன் வந்தன. இப்போது "நான் செய்தேன்" என்று சொன்னால் கலேவியிடமிருந்து பிடுங்கியதாக ஆகும். சொல்லாவிட்டால் முந்நூறு கிலோமீட்டர்.

இஸ்மோ பன்னைக் காபியில் நனைத்தபடி, யாரையும் பார்க்காமல் கேட்டார்: "மொதல்ல என்ன தப்பாப் போச்சு?"

"என்னது?"

"சுப்போவ மொத தடவையே யாரும் சரியாப் பிடிச்சதில்ல. நானும் பிடிச்சதில்ல. மொதல்ல எதாவது ஒண்ணு தப்பாப் போயிருக்கும்."

"ஆமா" என்றாள் மெர்யா. "நான் வெந்நீர முழுசாத் திறந்துட்டேன். பம்பைக் குறைக்காமலே. நான் யோசிக்கல. வெளிச் சல்லடையில இருந்த ஐஸ் மொத்தமாக் கழண்டு, பம்ப் இழுத்த இழுப்புல உள்ள வந்து, உள் சல்லடைய அடைச்சுடுச்சு. வெளிய ஒரு அடைப்பு இருந்தது. நான் ரெண்டாக்கினேன். நான் பாத்துக்கிட்டு நிக்கறேன், மட்டம் முன்னைவிட வேகமா இறங்குது."

சொல்லி முடித்தபிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். ஹெலியின் பேனா தாளில் நின்றிருந்தது.

"நாலு" என்றாள் ஹெலி.

"என்ன நாலு?"

"நான். நாலு தடவை சொன்னீங்க. இவ்வளவு நேரத்துல பேரு சொன்னப்ப வந்தது ஒண்ணு, கலேவியப் பார்த்தது ஒண்ணு. வேலையப் பத்தி இப்பதான் வருது, அதுவும் தப்புக்கு." அவள் குரலில் கிண்டல் இருந்தது, கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. "இந்தப் பகுதி எனக்குப் புதுசு. இது காலைல வரல."

"அத கலேவி பாக்கல. அவன் அப்ப கீழ பம்ப் ரூம்ல இருந்தான். நானும் அப்புறம் யார்கிட்டயும்..." மெர்யா நிறுத்தினாள். "பதிவேட்டுல எழுதியிருக்கேன். 'வெந்நீர் அதிகம் விட்டது தவறு, மெர்யா' அப்படின்னு."

"தப்புக்கு மட்டும் கையெழுத்தா?" என்றார் இஸ்மோ.

"ஆமா. யாருன்னு தெரியணுமில்ல."

இஸ்மோ சத்தம் வராமல் சிரித்தார். தோள் மட்டும் குலுங்கியது.

ஹெலி நோட்டை நேராக்கி வைத்தாள். "சரி. இப்ப நான் ஒவ்வொண்ணாக் கேக்கறேன். வெந்நீரத் திறந்தது நீங்க. அத மூடினது?"

மெர்யா ஜன்னலைப் பார்த்தாள். தொட்டியில் ஒரு சருகு மெல்ல ஓரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

"அதே ஆள்தான்" என்றாள்.

"பம்பைக் குறைச்சது?"

"அதே ஆளு."

"பேப்பர் மெஷினை மெதுவா ஓட்டச் சொன்னது? அது பெரிய முடிவாச்சே. யாரு போன் பண்ணது?"

"அதே ஆளு. திட்டினாங்க. மெஷின் நின்னு போறத விட மெதுவா ஓடறது நல்லதுன்னு சொன்னேன்."

"ஏழாவது" என்றார் இஸ்மோ.

"அது எப்படி ஏழு? 'அதே ஆளு'ன்னா 'நான்' ஆகுமா? அந்த 'நானும்' சேர்த்து அஞ்சுதான்" என்றாள் ஹெலி. "உள் சல்லடையச் சுத்தம் பண்ணது?"

"அது கலேவி" என்றாள் மெர்யா உடனே. இதைச் சொல்ல அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "கிணத்துக்குள்ள ஏணியில இறங்கி, தோள் வரைக்கும் ஐஸ் தண்ணியில கைய விட்டு வாரி வாரிப் போட்டான். அரைமணி நேரம். வேற யாரா இருந்தாலும் பத்து நிமிஷத்துல ஏறியிருப்பாங்க. அவன் அதப் பண்ணலன்னா நான் பண்ணதெல்லாம் வீண். இதயும் எழுதிக்கோங்க."

ஹெலி எழுதிக்கொண்டாள். "அத அவரும் சொல்லல" என்றாள். "சுத்தம் பண்ணியாச்சுன்னாரு."

பிறகு பேச்சு சுலபமாக ஓடியது. அந்த வெந்நீரைக் கடைசியில் எவ்வளவு திறந்தாள் என்று இஸ்மோ கேட்டார். சக்கரத்தைக் கால் சுற்று என்றாள். அதற்குமேல் திறந்தால் ஐஸ் கட்டியாகக் கழலும். கால் சுற்றில் இரும்பு மட்டும் பூஜ்யத்துக்குச் சற்று மேலே ஏறி, ஒட்டுகிற குணம் போய்விடும். புதுப் பொடி வந்தாலும் வழுக்கிக்கொண்டு போகும். கைகளை மேசைமேல் வைத்துச் சக்கரம் திருப்புகிற மாதிரி காட்டினாள். இஸ்மோவும் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "இங்க நாங்க அரைச் சுத்து விடுவோம்" என்றார். "உங்க குழாய் குறுகலா?" என்று அவள் கேட்டாள். இருபது நிமிடம் இருவரும் குழாயின் அகலத்தைப் பற்றிப் பேசினார்கள். ஹெலி இன்னொரு கோப்பை காபி ஊற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஐந்து நாள் கழித்து, மெர்யா தோட்டத்தில் இலை வாரும்போது போன் வந்தது.

"ஹெலி பேசறேன். முடிவு பண்ணியாச்சு" என்றது குரல். மெர்யா வாருகோலைப் பிடித்தபடி நின்றாள்.

"நான் முடிவு பண்ணேன்" என்று திருத்தினாள் ஹெலி. "உங்கள எடுத்துக்கறேன். நாலு மாசம் சோதனைக் காலம். இஸ்மோ கிளம்பறதுக்கு முன்னாடி அந்தக் கால் சுத்து விஷயத்த அவரோட சேர்ந்து பார்த்துடுங்க. மூணு நாளா அதையே பேசிட்டிருக்காரு."

"சரி" என்றாள் மெர்யா. பிறகு இன்னும் ஏதோ சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "நன்றி. நான் வரேன்."

கலேவிக்கு அவளே போன் செய்து சொன்னாள். வேறு யாராவது சொல்லி அவன் தெரிந்துகொள்வது சரியில்லை. பின்னால் டிவி ஓடும் சத்தம் கேட்டது.

"எனக்கும் போன் வந்துச்சு" என்றான். "கிணத்துல இறங்கினதப் பத்தி அந்தம்மா கேட்டுச்சு. நீ சொன்னியாமே."

"இறங்கினல்ல?"

"இறங்கினேன்." மூக்கை உறிஞ்சினான். "கோடைக்கு ஒப்பந்த வேலை இருக்காம். குழாய் மாத்தறது. வரீங்களான்னு கேட்டாங்க. பாக்கலாம்னு சொல்லியிருக்கேன்." அது அவன் பாஷையில் சம்மதம்.

"நல்லது."

"நல்லது இருக்கட்டும். பன்னு புதுசா வாங்கச் சொல்லு."

திங்கட்கிழமை காலை, மெர்யா பேக்கரி திறக்கும்வரை வாசலில் நின்று வாங்கிக்கொண்டு போனாள். பை இன்னும் சூடாக இருந்தது. மேசைமேல் வைத்துவிட்டு உடை மாற்றப் போனாள். திரும்பி வந்தபோது இஸ்மோ பையைத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தார்.

"பன்னு வந்திருக்கு" என்றார். "யாரு வாங்கினது?"

"நான்" என்றாள் மெர்யா, காலணியின் நாடாவைக் கட்டியபடி.